கொட்டாஞ்சேனையில் ஒரு வேகமான ஆல்பம்

என் சித்தப்பாவின் சிவகாசி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். தங்க ரேக்கில் பிள்ளையார், மஞ்சள் ஓரம், இரண்டு பக்கமும் வாழை மரம், நடுவில் பெயர் போட வெற்றிடம். அந்த மாதிரி அட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கொடுத்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரரிடம் காட்டி ஆர்டர் பிடித்து வரச் சொன்னார். சண்டை நடக்கிற நாட்டுக்குப் போக அச்சகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தொழிலில் எனக்கு இவ்வளவு பற்று இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பெட்டியின் அடியில், அத்தனை பிள்ளையார்களுக்கும் கீழே, மண்டையோடு வரைந்த ஒரு கேஸட் இருந்தது. நான் போனது அதற்காகத்தான்.

சிவகாசியில் ஹெவி மெட்டல் கேட்பவன் நான் ஒருவன்தான். இதை நான் பெருமையாகச் சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் புகாராகச் சொல்வார்கள். பம்பாயிலிருந்து வந்த ஒரு ராக் சஞ்சிகையின் பேனா நண்பர் பகுதியில் கொழும்பு, கொட்டாஞ்சேனை, அன்ரன் என்று ஒரு பெயரைப் பார்த்து எழுதிப் போட்டேன். தமிழில் பதில் வந்தது. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கேஸட் பதிந்து அனுப்புவதும் கூடவே கடிதத்தில் சண்டை பிடிப்பதும் எங்கள் வழக்கம்.

ஆல்பங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு, மாற்றிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. மெட்டல் குழுவுக்குள் கீபோர்டு நுழைந்தால் அந்தக் குழு முடிந்தது. நேரடிக் கச்சேரி ஆல்பம் என்பது ரசிகர்களின் கைதட்டலை ரசிகர்களுக்கே விற்கும் ஏமாற்று. பாட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் தனியாக டிரம்ஸ் அடிப்பவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட மோசம், ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் ஒளித்துவைக்கும் காதல் பாட்டு. இரும்பு முள் வைத்த தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏழு பாட்டு சாத்தானோடு மல்லுக்கட்டிவிட்டு, எட்டாவது பாட்டில் நீ இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அழுகிறவனை நான் மன்னிப்பதே இல்லை.

அன்ரன் இதற்கு நேர் எதிர். அவன் கும்பிடுவது மிட்நைட் டேனரி என்ற குழுவை. அந்தக் குழுவில் கீபோர்டு மட்டுமல்ல, ஒரு ஆல்பத்தில் வயலினும் வந்தது. வயலின் ஆல்பத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு அவன் இரண்டு மாதம் பதில் போடவில்லை.

என் குலதெய்வம் கிரானைட் பிஷப்பின் 'லாஸ்ட் ஃபர்னஸ்'. அதைப் பதிந்து எனக்கு அனுப்பியவனே அன்ரன்தான், உறையில் மண்டையோட்டையும் உலையையும் கையாலேயே வரைந்திருந்தான். முதல் பாட்டு நிதானமாகத்தான் தொடங்கும். பிறகு ஒவ்வொரு பாட்டும் முந்தையதைவிட ஒரு பிடி வேகம். பாடகரின் குரலும் அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி ஏறி, கடைசிப் பாட்டில் கிளிக்குஞ்சாகக் கத்தும். டிரம்ஸ்காரருக்கு எத்தனை கை என்றே தெரியாது. விளம்பத்தில் எடுத்துத் துரிதத்தில் முடிக்கும் நம் ஊர் வித்வான்களின் கணக்கு இந்த வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்து அன்ரனுக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். முழு ஆல்பமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதையும் சுருங்கச் சொல்லல் என்று பாராட்டியிருந்தேன். அவன் பதிலில் வானிலை பற்றி விசாரித்திருந்தான்.

இந்த ஆல்பத்தின் அசல் பதிவை அன்ரன் வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும், வயலின் விஷயத்தை நேருக்கு நேர் பேசித் தீர்த்துவிட வேண்டும். இதுதான் நான் கொழும்புக்குப் போன உண்மையான காரணம்.

முதல் நாள் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பிள்ளையார்களைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். எனக்கில்லை என்றேன். வருத்தப்பட்டு மூடிவிட்டார். நகரத்துக்குள் வருகிற வழியெல்லாம் மணல் மூட்டை, துப்பாக்கி, இறங்கு, ஏறு. எங்கள் ஊரில் பட்டாசுக் கிடங்குக்குக்கூட ஒரே ஒரு காவலாளிதான், அவரும் பீடி பிடிப்பார்.

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒரு சந்தில் லாட்ஜ். அறைக்கு அறை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், விசா வருமென்று காத்திருப்பவர்கள். லாட்ஜ் முதலாளியை எல்லோரும் அங்கிள் என்றார்கள், நானும் அங்கிள் என்றேன். போலீஸில் பதிய வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கியவர் திடுக்கிட்டுப்போனார்.

"சிவகாசியோ? வெடி செய்யிற இடமெல்லோ?"

"ஆமா அங்கிள். ஆனா நாங்க கல்யாணப் பத்திரிகை."

"தம்பி, பொலிஸில ஊர்ப் பேரைப் பற்றிக் கேட்டா கோயில் இருக்கிற ஊர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வெளியில ஆரும் கேட்டா மதுரை."

ஆக, இருந்த நாள் முழுக்க நான் மதுரைக்காரன்.

அங்கே இடியப்பம் சிவப்பு அரிசி மாவில் செய்கிறார்கள். அதன் மேல் தேங்காய்ப் பால் சொதியை ஊற்றி, பக்கத்தில் கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பலை வைக்கிறார்கள். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது போலக் கொடுப்பார்கள். இதைச் சாப்பிட்டபின் நம் இடியப்பத்தைக் காதல் பாட்டு வகையில் சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை காலி வீதியில் கடைக்காரரைப் பார்த்தேன். அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தங்க ரேக்கு பிடித்திருந்தது. ஆனால் இடம் என்ற வரிக்கு விட்ட வெற்றிடம் போதாது என்றார்.

"மாப்பிள்ளை கனடாவில, பொம்பிளை இஞ்ச. கலியாணம் மெட்ராஸிலயோ சிங்கப்பூரிலயோ எண்டு கடைசி நேரத்திலதான் தெரியும். அடிச்சதுக்கு மேல ஒட்டுறதுக்கு இடம் வேணும். பெரிசா விடுங்கோ."

சிவகாசியில் பந்தல் போடுகிற தெரு கூடப் பாட்டனார் காலத்திலேயே முடிவாகியிருக்கும். இந்த ஒரு வரி மாற்றத்துக்காக அவர் நல்ல ஆர்டர் கொடுத்தார். சித்தப்பாவின் கடமை முடிந்தது, மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி பஸ் ஏற வேண்டும். அந்தப் பக்கம் ஒரே நிறத்தில் இரண்டு பஸ் நின்றன. நான் ஏறியது கொலன்னாவைக்குப் போகிற பஸ். ராட்சச எண்ணெய்த் தொட்டிகள் தென்பட்டபோதுதான் சந்தேகம் வந்தது, இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். யுத்த காலத்தில் எண்ணெய்த் தொட்டிகளை அண்ணாந்து பார்ப்பது உடம்புக்கு நல்லதில்லை என்பதை ஒரு தேநீர்க் கடை அம்மாள் சிங்களத்தில் திட்டிப் புரியவைத்தார். கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றி, ஓட்டுநரிடம் என்னைக் காட்டித் தலையில் ஒன்றுமில்லை என்று சைகை செய்தார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டு வாசலில் அன்ரன் நின்றான். தோள் வரைக்கும் முடி, கிழிந்த ஜீன்ஸ் என்று மூன்று வருடமாக மனத்தில் வைத்திருந்தேன். எண்ணெய் வைத்து வகிடெடுத்து, முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, வங்கி நேர்முகத்துக்குப் போகிறவனாக நின்றான்.

"தலைமயிர் வளர்த்தா செக்பொயின்ற்றில கனநேரம் நிப்பாட்டுவாங்கள், அண்ணை," என்று கூச்சத்தோடு சொன்னான்.

நானும் விற்பனைக்காரனுக்குரிய சட்டையில்தான் இருந்தேன். சாத்தானின் இரு அடியார்களும் பார்ப்பதற்கு ஆயுள் காப்பீட்டு முகவர்களாக இருந்தோம்.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருக்க, அன்ரனும் அவனுடைய அக்கா ஸ்ரெல்லாவும் மட்டும் இங்கே வந்து ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அக்கா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட், அவர் சம்பளத்தில்தான் வீடு. தேநீரும் மீன் வைத்த பன்னும் கொண்டுவந்து வைத்தார், அவர்கள் அதைப் பணிஸ் என்கிறார்கள்.

"நீங்கள்தானே அந்த நீளக் கடிதம் எழுதிறவர்? இவன் போடுற பாட்டைக் கேட்டா தகரக் கூரையில கல்லெறியிற மாதிரிக் கிடக்கு. உங்களுக்கும் அதுதான் விருப்பமோ?"

"கல்லெறியறதுலயும் தரம் இருக்குக்கா," என்றேன்.

வயலின் விவாதம் இரண்டு தேநீர் நீடித்தது. மிட்நைட் டேனரியின் வயலின் சுடுகாட்டில் அழுகிற பெண்ணின் குரல் என்றான் அன்ரன். அழுகிறவருக்குச் சுருதி தெரியவில்லை என்றேன் நான். எழுந்து ஒருவரையொருவர் நோக்கிக் கை நீட்டிப் பேசினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஆனால் லாஸ்ட் ஃபர்னஸின் அசல் எங்கே என்று கேட்டதும் அவன் முகம் மாறியது. அசல் ஒரு சிநேகிதனுடையது, அவன் வெளிநாடு போய்விட்டான் என்றான். அந்த வேகத்தைப் பற்றி நான் ஆரம்பித்தபோது பணிஸ் எடுங்கோ என்றான். திரைக்குப் பின்னால் அக்கா எதற்கோ சிரித்தார்.

மூன்றாம் நாள் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போகலாம் என்று இருவரும் கிளம்பினோம். என் பையில் வோக்மன், அதற்குள் லாஸ்ட் ஃபர்னஸ். கடலைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு காதில் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். கடல் கண்ணில் படுவதற்கு முன் சாவடி வந்தது. இளைஞனாக இருந்த ஒரு சிப்பாய் பையைத் திறந்து, மண்டையோட்டைப் பார்த்து, வோக்மனைக் காதில் வைத்தான். கடைசிப் பாட்டு ஓடியது. அவன் புருவம் மேலே போனது.

"இது என்ன பாஷை?"

"இங்கிலிஷ்," என்றேன்.

"எனக்கு இங்கிலிஷ் தெரியும். இது இங்கிலிஷ் இல்லை."

அரை மணியில் நாங்கள் ஒரு போலீஸ் நிலையத்தில் இருந்தோம். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது, தொப்பை, நல்ல ஆங்கிலம். வாலிபத்தில் பைலா என்கிற துள்ளல் பாட்டுக் குழு ஒன்றில் கிதார் வாசித்தவராம், அதை அவரே சொன்னார். மேசையில் ரெக்கார்டரை வைத்துக் கேஸட்டை ஓடவிட்டார். கிளிக்குஞ்சு கத்தியது. இது பாட்டில்லை, பேச்சை வேகமாக ஓட்டி மறைத்துப் பதிந்த செய்தி என்றார் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட்.

"பாடகர் என்ன சொல்கிறார்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"தெரியாது, சார்."

"எத்தனை வருடமாகக் கேட்கிறாய்?"

"மூன்று."

"மூன்று வருடமாக ஒரு சொல்லும் புரியாமலா?"

மெட்டலில் சொல் முக்கியமில்லை என்ற என் அபிப்பிராயத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டென்றால் சொல் புரிய வேண்டும், புரியாவிட்டால் அது குற்றத்தை மறைக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அவரும் அபிப்பிராயத்தை மாற்றுகிறவராகத் தெரியவில்லை. பிறகு அன்ரனைப் பார்த்து, குரல் ஏன் இப்படி என்று கேட்டார். அன்ரன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தெரியாது என்றான்.

சாயங்காலம் எனக்குத் தேநீர் கொடுத்து, இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார்கள். அன்ரனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவனை உள்ளே கொண்டுபோனார்கள். கேஸட் என்னுடையது, வோக்மன் என்னுடையது, பை என்னுடையது, கேட்டே தீருவேன் என்று கடல் தாண்டி வந்தவனும் நான். உள்ளே போனவன் அவன். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் திங்கட்கிழமைக்குள் வெளியே எடுக்காவிட்டால் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். முகாமுக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் இருப்பார்கள், சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அன்று சனிக்கிழமை. வெட்கமாக இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போய் ஸ்ரெல்லா அக்காவிடம் சொன்னேன். அழுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் கேஸட்?"

சொன்னேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார்.

"ஐயோ தம்பி. அது நான் மிதிச்சது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்.

"நாங்கள் இஞ்ச வர முதல் நடந்தது, யாழ்ப்பாணத்தில அப்ப கரண்ட் இல்லை. பற்றரி கொண்டு வாறதும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு மிதிச்சா டைனமோவில கரண்ட் வரும், அதை வயரில எடுத்து றேடியோவுக்குக் குடுப்பம். ஊர் முழுக்க அப்பிடித்தான் செய்தி கேட்டது, பாட்டுக் கேட்டது. இவன்ர சிநேகிதன் வெளிநாடு போக முதல் ஒரு நாளைக்கு அந்தக் கேஸட்டை இரவல் குடுத்தவன். அந்தக் கேஸட்டை ஓடவிடுற வோக்மனுக்குப் போட எங்கேயோ ரெண்டு பற்றரி தேடி எடுத்திட்டான். பதியிற ரெக்கோடருக்கு இல்லை. அதை டைனமோவில பூட்டினான். அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல். நான்தான் ஏறி மிதிச்சனான்."

"முழு ஆல்பத்துக்குமா?"

"முழுக்க. முதல் ரெண்டு பாட்டும் பிழையில்லை. பிறகு களைச்சுப் போனன். நான் களைக்கக் களைக்க ரெக்கோடர் மெல்லச் சுத்தும். மெல்லச் சுத்திப் பதிஞ்சதை ஒழுங்கான வேகத்தில போட்டா என்ன நடக்கும்?"

"ஓடும்," என்றேன்.

விளம்பத்தில் தொடங்கித் துரிதத்தில் முடிந்த அந்த மகத்தான கட்டுமானம், எட்டுப் பக்கக் கடிதம், கைகளுக்குக் கணக்கில்லாத டிரம்ஸ்காரர், எல்லாம் ஒரு டைப்பிஸ்ட் அம்மாளின் முழங்கால் வலி.

"அன்ரன் ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கள் அவ்வளவு சந்தோஷமா எழுதியிருந்தீங்கள். இவன் எனக்கு வாசிச்சுக் காட்டினவன். கடைசிப் பாட்டில இவை மனுசரே இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். மிதிச்ச அண்டைக்கு நான் மத்தியானம் சாப்பிடவும் இல்லை." இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "பொலிஸுக்கும் சொல்லாமல் விட்டிருப்பான். யாழ்ப்பாணத்தில பதிஞ்சது எண்டு சொன்னா ஆருக்காகப் பதிஞ்சனி எண்டு கேப்பாங்கள். ஆனா நாங்கள் உண்மையைத்தான் சொல்லவேணும், தம்பி. பொய் சொல்லுற ஆக்கள் இவ்வளவு விசர்க் கதை சொல்ல மாட்டினம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கட்டும் சேலையிலேயே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அதே ரெக்கார்டரையும் வயரையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சாவடியிலும் தானே முதலில் திறந்து காட்டினார். வயரோடும் ரெக்கார்டரோடும் போலீஸ் நிலையத்துக்குப் போகிற இரண்டு தமிழர்களைப் பார்த்த சிப்பாய்கள், இவர்களைப் பிடிக்கத் தேவையில்லை, தாங்களே போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் அக்கா சிங்களத்தில் பேசினார். பேசியதை எனக்குப் பிறகு தமிழில் சொன்னார். டைனமோக் கதையைக் கேட்டதும் சார்ஜன்ட் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"உங்களுடைய சைக்கிள் ஒன்றைத் தாருங்கள்," என்றார் அக்கா.

முற்றத்து வாதுமை மரத்தடியில் ஒரு கான்ஸ்டபிளின் சைக்கிள் நின்றது, பின் சக்கரத்தில் டைனமோவோடு. அக்கா ஸ்டாண்டைப் போட்டார், டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்தார், வயரைப் பூட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். சார்ஜன்ட் எடுத்துத் தந்த கேஸட்டை நான் போட்டேன். கடைசிப் பாட்டு.

வேகமாக மிதிப்பதைவிட மெதுவாக, ஒரே அளவில் மிதிப்பது கஷ்டம் என்பதை அன்றுதான் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காதால் தேடினார். கிளிக்குஞ்சு இறங்கிப் பெண் குரலானது. இன்னும் இறங்கி வாலிபனானது. அன்று களைத்த அளவுக்குக் கால் வந்து சேர்ந்ததும், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சாதாரண மனிதர் தெள்ளத் தெளிவான ஆங்கிலத்தில் பாடினார். முற்றத்தில் ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் சொல் புரிந்தது. வீட்டுக்கு வந்துவிடு, வாசல் விளக்கை நான் இன்னும் அணைக்கவில்லை என்று பாடினார். பின்னால் கீபோர்டும் கேட்டது.

காதல் பாட்டு. உலகத்திலேயே வேகமான பாட்டு என்று நான் மூன்று வருடம் சத்தியம் பண்ணியது ஆல்பத்தின் கடைசியில் ஒளித்துவைத்த காதல் பாட்டு.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் பெயர்த்துச் சொன்னார். கான்ஸ்டபிள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர் என் தோளில் தட்டி, "பார்த்தாயா, சொல் புரிந்தால்தான் பாட்டு," என்றார். நான் தலையாட்டினேன், அபிப்பிராயத்தை மாற்ற இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"என் தம்பியை விடுங்கள்," என்றார் அக்கா, சைக்கிளில் இருந்தபடியே.

விடலாம், ஆனால் மேலதிகாரி வர வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு அறைக்குள் போனார். திங்கட்கிழமை முகாமுக்கான வண்டியும் வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அக்கா இறங்கவில்லை.

"தம்பி, கேஸட்டைத் திருப்பிச் சுத்துங்கோ."

பேனாவைச் செருகிச் சுற்றினேன். மறுபடி போட்டேன். மறுபடி வாசல் விளக்கு. முடிந்ததும் மறுபடி சுற்றினேன். கான்ஸ்டபிள்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு போதும் என்றார்கள். புகார் கொடுக்க வந்தவர்கள் வேலியோரம் கூடினார்கள். இன்ஸ்பெக்டரின் ஜன்னல் சாத்தப்பட்டது. வெயில் ஏறி மரத்தின் நிழல் அக்காவை விட்டு விலகியது. சார்ஜன்ட் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அக்கா கைப்பிடியை விடவில்லை.

எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் பாட்டு மாறத் தொடங்கியது. அக்காவின் கால் தளரத் தளர ரெக்கார்டரும் தளர்ந்தது. பாடகரின் குரல் மனிதக் குரலுக்குக் கீழே இறங்கியது. கிதார் இழுபட்டுத் தடித்தது, டிரம்ஸ் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. வாசல் விளக்கு என்ற சொல் முற்றத்தின் தரைக்கடியிலிருந்து உறுமலாக எழுந்து வந்தது. அக்காவின் தலை கைப்பிடி மேல் சாய்ந்திருந்தது. கால் மட்டும் சுற்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஜன்னல் படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டபடியே வெளியே வந்து, சார்ஜன்ட்டைப் பார்த்து ஏதோ கத்தினார். சிறிது நேரத்தில் பின்பக்கக் கதவால் அன்ரன் வந்தான். பெல்ட் இல்லை, தலை கலைந்திருந்தது. முதல் தடவையாக ஒரு மெட்டல் ரசிகன் போல இருந்தான். சைக்கிளைப் பார்த்தான், ரெக்கார்டரைப் பார்த்தான், நான் இப்போது எல்லாம் அறிந்தவன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து அக்காவின் முழங்காலைப் பிடித்தான்.

"காணுமக்கா, மிதிச்சது போதும். இறங்கு. நான் வந்திட்டன்."

சக்கரம் நின்றது. பாட்டு ஒரு முனகலாக அமிழ்ந்து அடங்கியது.

கேஸட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். மறுவருடம் லாஸ்ட் ஃபர்னஸ் ஒழுங்கான பதிவாகக் கடையில் கிடைத்தது, வாங்கிக் கேட்டேன், சுமாரான ஆல்பம். ஆனால் மெட்டலிலேயே கனமான பாட்டு எதுவென்று யாராவது கேட்டால் அதன் கடைசிப் பாட்டைத்தான் சொல்கிறேன். அது காதல் பாட்டாயிற்றே என்று சிரிக்கிறார்கள். ஸ்ரெல்லா அக்கா மிதித்து அவர்கள் கேட்டதில்லை.